சமவெளியின் காட்டு வயலெட்: ஓரிதழ்த் தாமரையை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

நம் மாணவர் பலருக்கு வயலெட் என்னும் மலரின் பெயர் தெரியும், மலரைத் தெரியாது. வானவில்லின் ஏழு நிறங்களை வரிசைப்படுத்தும்போது ஊதாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அப்பெயரை அவர்கள் பாடமாக ஒப்புவிக்கின்றனர். அந்நிறத்திற்குப் பெயர் கொடுத்த செடி எங்கே வளர்கிறது, அதனை நம் வீட்டில் வளர்க்க இயலுமா என்று ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியர் பொதுவாக, "அது குளிர்நாட்டுச் செடி, இங்கு வளராது" என்று விடையளிப்பார். இவ்விடையில் பாதி உண்மை உண்டு. எஞ்சிய பாதி, பள்ளியின் வேலியோரத்திலேயே பூத்து நிற்கக்கூடும்.

கோலார் தங்க வயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. இங்கு நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வயலெட் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடி ஒன்று நம் சமவெளியிலேயே உண்டு; அதுவே ஓரிதழ்த் தாமரை. அதனைக் காட்டிலிருந்து வேருடன் பிடுங்காமல், விதையிலிருந்து வீட்டில் வளர்க்கலாம். இரண்டாவது, சுரங்கம் நடந்த ஊரில் ஒரு செடி செழிப்பாக வளர்வது அம்மண் தூயது என்பதற்குச் சான்றாகாது. ஓரிதழ்த் தாமரையை மக்கள் மருந்தாக உட்கொள்கின்றனர். ஆதலால் இவ்விரண்டாவது செய்தியைக் கள ஊழியரும் ஆசிரியரும் முதலாவதைவிட உறுதியாக மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

1. குடும்பமும் பெயரும்

ஐரோப்பியக் கவிஞர்கள் புகழ்ந்த நறுமண வயலெட், தாவரவியலில் வயோலா ஓடோராட்டா எனப்படும். யூனானி மருத்துவர்கள் 'பனஃப்ஷா' என வழங்கும் மருந்துச் சரக்கு இதிலிருந்தும், இமயமலைச் சரிவுகளில் வளரும் இதன் உறவுச் செடிகளிலிருந்தும் கிடைப்பதாகும். தென்னாட்டிலும் உண்மையான வயோலா இனங்கள் இல்லாமலில்லை. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த பகுதிகளில், சோலைகளின் ஓரங்களிலும் ஈரமான புல்வெளிகளிலும் அவை தரையோடு படர்ந்து சிறு பூக்களைத் தருகின்றன. ஆனால் குளிர்ந்த இரவும் இடையறாத ஈரமும் அவற்றிற்கு இன்றியமையாதவை. அவற்றைக் கொணர்ந்து சமவெளியில் நட்டால் ஒரு மழைக்காலம் இருக்கும். கோடை வந்ததும் மடியும்.

இவ்விடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தையும் நீக்க வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் 'ஆப்பிரிக்க வயலெட்' என்ற பெயரில் விற்கப்படும் தொட்டிச் செடி, வயலெட் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த அச்செடி ஜெஸ்னீரியேசி என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. பூவின் நிறம் ஒத்திருப்பதால் மட்டும் பெயர் பெற்றது. மாறாக, குளிர்காலப் பூங்காக்களில் முகம் போன்ற பூக்களுடன் விளங்கும் பான்சி, உண்மையான வயோலாவேயாகும்.

ஓரிதழ்த் தாமரையை வயலெட் என்று கூறுவது இத்தகைய போலி உரிமையன்று. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்செடிக்கு வயோலா என்னியாஸ்பெர்மா என்றே பெயரிட்டார். 'ஒன்பது விதை கொண்ட வயலெட்' என்பது அதன் பொருள். பின்வந்த அறிஞர்கள் பூவின் அமைப்பிலுள்ள வேறுபாட்டைக் கருதி அதனை வயோலாவிலிருந்து பிரித்தனர். அயோனிடியம் சஃப்ருட்டிகோசம் என்ற பெயர் பழைய மருத்துவ நூல்களில் காணப்படும். ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ் என்ற பெயர் 1876 முதல் வழங்கி வருகிறது. 2015-இல் பழைய உலகத்து இனங்களுக்கென ஆஃப்ரோஹைபாந்தஸ் என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. பேரினப் பெயர் எத்தனை முறை மாறினும், வயோலேசி என்னும் வயலெட் குடும்பத்திலிருந்து அது வெளியேறவில்லை. வடமொழி மரபில் இதனை ரத்னபுருஷம் என்றும், கன்னடத்தில் புருஷரத்ன என்றும் வழங்குவர். இரு மொழியும் புழங்கும் தங்க வயல் பகுதியில் கள ஊழியர் இரண்டு பெயர்களையும் அறிந்திருத்தல் நலம்.

2. செடியை அடையாளம் காணல்

ஓரிதழ்த் தாமரை, வறண்ட வெளிகளிலும் வயல் வரப்புகளிலும் பாதையோரங்களிலும் புல்லிடையே வளரும் சிறு செடி. பெரும்பாலும் ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை உயரும். அடிப்பகுதி கட்டை போல் கடினமாகும். அங்கிருந்து பல கிளைகள் பரவலாகவும் நிமிர்ந்தும் எழும். இலைகள் குறுகி நீண்டவை. காம்பு இல்லாதவை போலத் தண்டையொட்டி நிற்பவை. இலை தண்டோடு சேரும் இடத்தில் நுண்ணிய இலையடிச் செதில்களைக் காணலாம். பூமிக்குள் உறுதியான ஆணிவேர் இறங்கியிருக்கும்.

பூவில்லாத காலத்தில் இதனைப் பிற களைகளிலிருந்து பிரித்தறிவது கடினம். பூத்துவிட்டாலோ ஐயத்திற்கு இடமில்லை. இலைக்கக்கத்தில் மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றைப் பூ தோன்றும். இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில் ஒரே ஓர் அகன்ற இதழ் கரண்டி போல் கீழ்நோக்கி விரிந்திருக்கும். 'ஓரிதழ்' என்ற பெயர் இதனால் வந்தது. ஆனால் கைவில்லையால் நோக்கினால் இதழ்கள் ஐந்து என்பது புலனாகும். மேலிதழ் இரண்டும் பக்கத்திதழ் இரண்டும் மிகச் சிறுத்து, புல்லிவட்டத்தோடு ஒட்டி நிற்பதால் வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஐந்தில் கீழிதழ் மட்டும் வேறுபட்டிருப்பது வயலெட் குடும்பத்திற் பரவலாகக் காணப்படும் இயல்பாகும். வயோலாவில் அவ்வேறுபாடு சிறிது, ஓரிதழ்த் தாமரையில் மிகப் பெரிது. பூவை நாடிவரும் பூச்சிக்கு அவ்விதழே இறங்குமிடம்.

பூ முதிர்ந்தபின் சிறு உருண்டை வடிவான வெடிகனி உண்டாகும். பச்சையாக இருந்த கனி வைக்கோல் நிறமடைந்து, மூன்று பிளவாகத் திறக்கும். ஒவ்வொரு பிளவும் படகு போல் குவிந்து, காயக் காய அதன் விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும். வழவழப்பான விதைகள் அந்நெருக்கத்தால் பிதுங்கி ஒவ்வொன்றாகத் தெறித்தோடும். ஈரமான புளியங்கொட்டையை இரு விரலுக்கிடையில் அழுத்தினால் அது துள்ளி ஓடுவதைப் போன்றதே இச்செயல்.

3. ஏன் தோட்டத்தில் வளர்க்க வேண்டும்?

சித்த மருத்துவத்தில் ஓரிதழ்த் தாமரை சமூலமாக, அதாவது வேர், தண்டு, இலை, பூ, காய் ஆகிய ஐந்து உறுப்புகளும் சேர, பயன்படுத்தப்படுகிறது. உடல் தேற்றும் மருந்தாக அதற்கு மதிப்பு மிகுதி. நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த செடியும் பொடியும் விற்பனையாகின்றன.

சமூலம் என்ற சொல்லிலேயே இச்செடிக்குரிய இடர் அடங்கியுள்ளது. இலையை மட்டும் பறிக்கும் மூலிகை மீண்டும் துளிர்க்கும். பட்டையை அளவோடு எடுக்கும் மரம் பிழைக்கும். முழுச் செடியையும் வேருடன் பிடுங்கினால் அச்செடியின் வாழ்வு அன்றே முடிகிறது. அடையாளம் தெரிவது பூக்கும் காலத்தில்தான் என்பதால், சேகரிப்பவர் விதை முற்றுமுன்பே பிடுங்கிவிடுகிறார். இவ்வாறு ஒரே இடத்தில் சில ஆண்டுகள் தொடர்ந்து நிகழ்ந்தால் தாய்ச்செடியும் இல்லை, அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. செடி உலகிலிருந்து மறையாவிடினும், ஊரிலிருந்து மறையும். "எங்கள் தாத்தா காலத்தில் இங்கே நிறைய இருந்தது" என்று சொல்லப்படும் செடிகள் பல, இவ்வழியிலேயே மறைந்தவை.

ஆகவே வீட்டுத் தோட்டத்தில் இதனை வளர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி ஒன்றுண்டு: காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து நடலாகாது. இது அறம் கருதிய விதி மட்டுமன்று, செய்முறைக்கும் உரியது. ஆணிவேர் ஆழ இறங்கிய முதிர்ந்த செடியைப் பெயர்த்தால் வேர் அறுபடும். நட்ட செடி பெரும்பாலும் பிழைக்காது. இருந்த இடத்திலும் இல்லை, வந்த இடத்திலும் இல்லை என்ற நிலையே எஞ்சும்.

4. ஊரின் தட்பவெப்பமும் இயற்கை மண்ணும்

ஆண்டர்சன்பேட்டை, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், கோலார் மாவட்டத்து மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. உறைபனி இல்லை, கடுங்குளிரும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் மிகுதியான பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதாவது ஆவணிக் கடைசி முதல் ஐப்பசி வரை பெய்கிறது. பாறைகள் சிதைந்து உண்டான செம்மண்ணே இப்பகுதியின் இயற்கை மண். அது நீரை விரைவாக வடியவிடும், சத்துக் குறைவானது. குளிர்நாட்டு வயலெட்டுக்கு இவையெல்லாம் குறைகள். ஓரிதழ்த் தாமரைக்கோ இவையே தாய்வீடு.

தங்க வயலில் முன்னாளில் வாழ்ந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் தம் பங்களாக்களில் தாய்நாட்டுத் தோட்டங்களைப் போலவே தோட்டங்கள் அமைத்தனர். அவர்தம் சுரங்கங்களில் உழைக்க வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்த்தது வரிசை வீடும், அதன்முன் ஒரு கட்டில் போடும் அளவு வாசலுமே. அவ்வாசலிலும் துளசியும் கனகாம்பரமும் வளர்ந்தன. ஓரிதழ்த் தாமரைக்குத் தேவைப்படும் இடம் அதனினும் சிறிது. ஒரு முழ அகலமுள்ள பாத்தியோ இரண்டு மண் தொட்டிகளோ போதும்.

5. சுரங்க மணலைப் பற்றிய எச்சரிக்கை

இங்கு நாம் இரண்டாவது செய்திக்கு வருகிறோம். கோலார் தங்க வயலில் 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேற்பார்வையில் நவீன முறையில் தொடங்கிய சுரங்க வேலை, 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், பின்னர் மத்திய அரசின் கைக்கும் மாறி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதுடன் நின்றது. சுரங்கம் மூடப்பட்டாலும் அதன் எச்சம் ஊரை விட்டு அகலவில்லை. மண்ணுக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை சென்று எடுத்த கற்களை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சாம்பல் நிற மணல், குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. இதன் மொத்த எடை மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. ஊரார் இவற்றைச் சயனைடு மேடு என்பர். காற்றுக் காலத்தில் இம்மணலின் நுண்தூசி வீடுகளின் மீதும் வாசல்களின் மீதும் படிகிறது.

சயனைடு, வெயிலாலும் காற்றாலும் காலப்போக்கில் சிதையக்கூடியது. ஆனால் அரைத்த பாறையிலிருந்த கந்தகக் கனிமங்களும், அவற்றுடன் கூடிய ஆர்சனிக் முதலிய தனிமங்களும் அவ்வாறு சிதைவதில்லை. பாறைக்குள் கட்டுண்டிருந்தவை, மாவாக அரைக்கப்பட்டபின் காற்றும் நீரும் பட்டு எளிதில் வெளிப்படும் நிலையை அடைகின்றன.

"செடி நன்றாகத்தானே வளர்கிறது, மண்ணில் நஞ்சு இருந்தால் பட்டுப்போகாதா?" என்பது பலரும் எழுப்பும் கேள்வி. பல செடிகளைப் பொறுத்தவரை இது ஓரளவு நியாயமான கேள்வியே. வயலெட் குடும்பத்தைப் பொறுத்தவரை இதற்கு இடமே இல்லை. பெல்ஜியத்தின் கிழக்குப் பகுதியிலும் அதனையடுத்த ஜெர்மானிய ஆகன் நகர்ப் புறத்திலும் பழைய துத்தநாகச் சுரங்க நிலங்களில் மஞ்சட்பூ வயலெட் ஒன்று வளர்கிறது. பிற செடிகள் வாழத் திணறும் துத்தநாக மண்ணே அதன் இருப்பிடம். அதனால் அதற்குத் துத்தநாக வயலெட் என்றே பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க வட்டாரத்தில் ஹைபாந்தஸ் ஃப்ளோரிபண்டஸ் என்னும் புதர்ச் செடி உண்டு. நம் ஓரிதழ்த் தாமரையோடு ஒரே பேரினத்தில் நெடுங்காலம் வைத்து எண்ணப்பட்டது அது. நிக்கல் மிகுந்த மண்ணில் வளரும் அச்செடியின் உலர்ந்த இலையில், எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு நிக்கல் சேர்ந்திருப்பதை 1970-களில் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இவ்விரு செடிகளும் வெவ்வேறு வழியைக் கையாள்கின்றன. முன்னது உலோகத்தைப் பெரும்பாலும் தன் இலைக்குள் விடாமல் தாங்குகிறது. பின்னது உள்ளே வாங்கி இலையிற் சேமிக்கிறது. ஆனால் வெளிப்பார்வைக்கு இரண்டும் பசுமையாகவே நிற்கின்றன. எது விலக்கியது, எது விழுங்கியது என்பதைப் பகுப்பாய்வுக் கூடம் கூற வேண்டுமேயன்றிக் கண் கூறாது. ஆதலின் சுரங்க மேட்டின் அருகில் காடாக முளைத்த ஓரிதழ்த் தாமரை எவ்வளவு செழிப்பாயிருப்பினும், அதனை மருந்துக்கெனப் பறித்தல் கூடாது. தோட்டத்திற்கு மணல் வேண்டுமென்று அம்மேட்டிலிருந்து ஒரு கூடைகூட அள்ளிவருதல் கூடாது. வீட்டுக்கு அண்மையில் இலவசமாகக் கிடைப்பதே அம்மணலின் ஆபத்து.

கள ஊழியர்க்கு ஒரு குறிப்பு: உழவர்க்கு வழக்கமாகச் செய்யப்படும் மண் பரிசோதனை, அமில காரத் தன்மை, உப்பு நிலை, தழை, மணி, சாம்பல் சத்துகள் ஆகியவற்றையே பெரும்பாலும் காட்டும். நச்சு உலோகங்களை அது காட்டாது. "மண் பரிசோதனை செய்தாயிற்று" என்று ஒருவர் கூறினால், எந்தப் பரிசோதனை என்று கேட்டறிதல் வேண்டும். ஆர்சனிக், ஈயம் முதலியவற்றின் பகுப்பாய்வைத் தனியே கோரிப் பெற வேண்டும்.

6. விதை சேகரித்தல்

விதைக்குரிய செடியைச் சுரங்க மேடுகளுக்கும் சாலைக்கும் தொலைவிலுள்ள வெளிகளில் தேர்ந்தெடுக்க வேண்டும். பூக்கும் காலத்திலேயே செடியைக் கண்டு, அருகில் ஒரு குச்சியை நட்டு அடையாளமிடுக. கனி வைக்கோல் நிறமடையும் தறுவாயில் நாள்தோறும் சென்று பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கனி வெடித்து விதை சிதறிவிடும். மெல்லிய மல்துணியால் சிறு பை தைத்து, காய்த்த கிளையின்மீது தளர்வாகக் கட்டிவைத்தல் எளிய உபாயம். தெறிக்கும் விதைகள் பைக்குள் தங்கும்.

ஒரு செடியிலுள்ள எல்லாக் கனிகளையும் எடுத்தல் தகாது. மூன்றில் ஒரு பங்கு எடுத்து, எஞ்சியவற்றை அந்நிலத்திற்கே விட்டுவிடுக. பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ப்பது, ஒரே செடியிலிருந்து முழுவதும் எடுப்பதைவிட மேலானது. அவ்வாறு செய்தால் தோட்டத்துச் செடிகள் ஒரே தாயின் மக்களாக இராமல் பலவகை இயல்புகளுடன் அமையும்.

விதைகள் வெளிர் மஞ்சள் நிறமும் நெடுக்குக் கோடுகளும் உடையவை. கடுகை ஒத்த சிறுமையுடையவை. அவற்றை நிழலில் சில நாட்கள் உலர்த்தி, காகித உறையிலிட்டு, இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். ஈரம் தங்கும் நெகிழிப் பையில் இட்டு மூடினால் பூசணம் பிடிக்கும்.

7. விதைத்தலும் பேணுதலும்

தொட்டி அரை அடிக்குக் குறையாத ஆழமுள்ளதாக இருத்தல் வேண்டும். அடியில் துளையும், துளைமேல் ஓட்டுச் சில்லும் இடுக. சுரங்க நிலத்திற்கு அப்பாற்பட்ட இடத்திலிருந்து கொணர்ந்த செம்மண் இரண்டு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பலாம். உரம் மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். வறண்ட நிலத்துச் செடிக்கு விருந்து வேண்டுவதில்லை.

விதைப்பதற்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி மாதங்கள். புரட்டாசி மழை வருமுன் நாற்று வேரூன்றிவிடும். விதையின் மேலுறை கடினமானது. முளைப்பு மெதுவாகவும் சீரற்றும் நிகழும். ஆகையால் விதைகளை உலர்ந்த மணலோடு சேர்த்து உள்ளங்கைகளுக்கிடையில் மெல்லத் தேய்த்தபின் விதைப்பது நன்று. ஒரே நாளில் எல்லா விதையையும் விதைத்துவிடாமல், பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக விதைப்பது அறிவுடைமை. ஒரு தவணை பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

விதையைத் தூவி, அதன் பருமனுக்கு மேற்படாத அளவு நுண்மணலால் மூடுக. ஆழப் புதைத்த விதை மேலெழாது. பூவாளியின் மென்தூறலால் நீர் தெளித்து, மண் காயாமலும் சேறாகாமலும் காத்தல் வேண்டும். சில வாரங்கள் கழித்தும் முளை தோன்றாவிடில் தொட்டியைக் கொட்டிவிடலாகாது. பிந்தி முளைக்கும் விதைகள் உண்டு.

பாத்தியில் வளர்ப்பதாயின் விதையை நேரே அங்கேயே விதைப்பது சிறந்தது. தொட்டியில் முளைத்ததை மாற்ற நேர்ந்தால், நான்கு இலைப் பருவத்திலேயே, வேரைச் சுற்றிய மண் உதிராமல், மாலை வேளையில் மாற்றுக. செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி போதும். காலை வெயில் நன்றாகப் படும் இடமே ஏற்றது. வேரூன்றியபின் நாள்தோறும் நீர் வேண்டுவதில்லை. மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும். வேரழுகல் வருவது பெரும்பாலும் அன்பு மிகுதியால் ஊற்றிய நீரினாலேயே.

கோடையில் செடியின் மேற்பகுதி வாடிக் குறுகலாம். அடிக்கட்டை உயிருடனிருந்தால் அடுத்த மழையில் துளிர்க்கும். சில கனிகளைச் செடியிலேயே வெடிக்கவிட்டால், பாத்தி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்.

சுரங்கத் தூசி படியும் தெருக்களில் வசிப்போர் இச்செடியை அழகுக்காகவும் விதைக்காகவும் மட்டும் வளர்த்தல் நன்று. மற்றவரும் தாமாக மருந்து செய்து உண்ணாமல், தகுதி பெற்ற சித்த மருத்துவரின் அறிவுரைப்படியே நடத்தல் வேண்டும்.

8. இலையைத் தின்னும் விருந்தினர்

செடி வளர்ந்தபின் ஒருநாள் இலைகளில் கிளைத்த முட்களையுடைய செம்பழுப்பு நிறப் புழுக்கள் தோன்றக்கூடும். உடனே மருந்து தெளிக்க முற்படுதல் வேண்டா. செம்மஞ்சள் நிறச் சிறகுகளில் கரும்புள்ளிகள் கொண்டு மெதுவாகப் பறக்கும் அக்ரேயா என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. இப்பூச்சி முட்டையிடும் செடிகளுள் ஓரிதழ்த் தாமரையும் ஒன்று. பழைய பூச்சியியல் நூல்களில் இதற்கு வழங்கிய சிற்றினப் பெயர் 'வயோலே'. 'வயலெட்டுக்குரியது' என்பதே அதன் பொருள். தாவரவியலார் பேரினங்களைப் பிரித்தும் மாற்றியும் வந்த நாளிலும், வண்ணத்துப்பூச்சி இச்செடியை உணவாக ஏற்று வந்துள்ளது. சில இலைகளை இழப்பதால் செடி அழியாது. புழு மிகுந்தால் ஒரு சிலவற்றை மென்மையான தூரிகையால் வேறு செடிக்கு மாற்றுதல் போதும்.

9. பள்ளியில் செய்யத்தக்க பயிற்சிகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1907-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து வயலெட்டைத் தேர்ந்தெடுத்தனர். 1908-இல் அது அம்மாநிலத்தின் மலராகச் சட்டமாயிற்று. பிள்ளைகள் தம் ஊர்ச் செடியைக் கண்டு, பெயர் சொல்லி, தேர்ந்தெடுக்கக் கற்பது சிறு செய்தியன்று. நம் பள்ளிகளில் கீழ்க்காணும் பயிற்சிகளைச் செய்யலாம்.

(அ) ஒரு பூவைக் கைவில்லையால் நோக்கி, ஐந்து இதழ்களையும் வரைக. 'ஓரிதழ்' என்ற பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை மாணவரே கூறட்டும்.

(ஆ) வெடிக்கும் நிலையிலுள்ள கனிக் கிளையை நீருள்ள சீசாவில் நிறுத்தி, தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் வைக்க. விதைகள் தெறித்து விழுந்த தொலைவை அளவுகோலால் அளந்து குறித்து, சராசரி காண்க.

(இ) பத்துக் கனிகளிலுள்ள விதைகளை எண்ணுக. லின்னேயஸ் கூறிய ஒன்பது என்ற எண் எத்தனை கனிகளுக்குப் பொருந்துகிறது?

(ஈ) தேய்த்த விதை இருபது, தேய்க்காத விதை இருபது எடுத்து, இரு தொட்டிகளில் ஒரே நாளில் விதைத்து, முளைத்த எண்ணிக்கையை வாரந்தோறும் பதிவு செய்க.

சுரங்க மேட்டு மணலைக் கொண்டு எந்தச் சோதனையையும் மாணவர் கையால் செய்வித்தல் கூடாது. அதனைப் பற்றிய பாடத்தைப் படத்தாலும் விளக்கத்தாலும் நடத்துக.

10. முடிவுரை

வீட்டுத் தோட்டத்தில் ஓரிதழ்த் தாமரை வளர்ப்பதால் பெருஞ்செல்வம் சேராது. ஆனால் ஒரு தெருவில் பத்து வீடுகள் இதனை விதையிலிருந்து வளர்த்தால், காட்டில் பிடுங்கப்பட்டு அழிந்த செடிக்கு ஈடாக விதை வைப்பொன்று ஊருக்குள்ளேயே உண்டாகும். மாணவர்க்கு வயலெட் என்பது நூலிலுள்ள வெறும் பெயராக இராது. செடியைக் காக்கும் அறிவோடு மண்ணை ஐயுறும் அறிவும் அவர்க்கு வந்து சேரும். பூமியைத் தோண்டி வாழ்ந்த ஊர் ஒன்று, தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க பாடம் இதைவிட வேறு அதிகமில்லை. வரும் ஆனி மாதத்தில் விதைக்கத் தொடங்குவதற்கு, இவ்வாண்டு மழையிலேயே செடியைக் கண்டு, அருகில் ஒரு குச்சி நட்டு வருதல் முதற்பணி.